மூன்று பேர் மட்டும்

என் அக்காவுக்குக் கோபம் வருவதற்கு முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. மற்றவர்களுக்கு முகம் சிவக்கும், குரல் உயரும். இவளுக்குக் கைதான் முதலில் வரும், கோபம் பின்னால் ஆடி அசைந்து வந்து சேரும். பத்து வயதில், என்னை சைக்கிளால் இடித்துத் தள்ளிவிட்டுச் சிரித்தவனின் காதைக் கடித்தாள். அவனுக்கு இன்றைக்கும் ஒரு காது கொஞ்சம் குறைவு. கல்யாணமான புதிதில் மாமாவையும் ஒரு தடவை அறைந்திருக்கிறாள். அவர் திருப்பி அடிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, "வலிக்குதுடி" என்றார். அதுவரை அவளிடம் அடி வாங்கியவர்கள் கத்தியிருக்கிறார்கள், ஓடியிருக்கிறார்கள். வலிக்கிறது என்று யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் மேல் கை வைத்ததே இல்லை. மிச்சமிருந்த உலகத்தின் மேல் வைத்தாள், முக்கியமாக என் மேல்.

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். இழுத்து மூடுகிற இரும்புக் கதவு இரண்டு, ஒரு கைப்பிடி, ஒரு முக்காலி, தலைக்கு மேலே சத்தம் மட்டும் போடும் ஒரு மின்விசிறி. உள்கதவு ஒரு விரல் அளவு திறந்தாலும் நடுவழியில் நின்றுவிடுகிற பழைய லிஃப்ட். அக்கா கதவை இழுத்துச் சாத்தினால் ஏழாவது மாடியில் தூங்குகிற குமாஸ்தா எழுந்துவிடுவார் என்பார்கள். அவளுக்கு 'கதவு' என்றே பெயர் வைத்திருந்தார்கள், முகத்துக்கு நேரே இல்லை.

மாமா வீட்டிலேயே மின்விசிறி மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். செம்புக் கம்பியை நாள் முழுக்கச் சுற்றுவார், தலை நிமிர மாட்டார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். நான் கொடுக்கிறேன் என்று நானும் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "உன்னோடதை வச்சா அவரும் உன்னை மாதிரி ஆயிடுவாரு" என்று சொல்லிவிட்டாள். ஆபரேஷன் முடிந்து ஒன்பது வருஷம். மாமா மாத்திரை சாப்பிட மறந்தால், "என் சாமானை வாங்கி வச்சிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்பாள். அவர் வயிற்றைத் தட்டிக்காட்டி, "பத்திரமா இருக்கு" என்பார்.

தொற்றுநோய் வந்த பிறகு லிஃப்டில் மூன்று பேர் மட்டும் என்று கட்டடத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். அக்காவோடு சேர்த்து மூன்று. முகக்கவசம் இல்லாமல் ஏறக்கூடாது. முதல் வருஷம் எல்லாரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள், பயம் இருந்தது. பிறகு ஊசி வந்தது. இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு சட்டம். ஒருத்தர் கவசத்தைத் தாடைக்கு மாட்டுவார், ஒருத்தர் முழங்கைக்கு மாட்டுவார். நானும் அந்தக் கூட்டம்தான், மறைக்க என்ன இருக்கிறது. வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன் நான். எங்கள் பகுதியில் முதல் ஆளாக வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டாவது ஊசி போட்ட மறுநாளே கவசத்தைக் கழற்றி வண்டி துடைக்க வைத்துக்கொண்டேன்.

ஆனால் மாமாவுக்கு ஊசி வேலை செய்யவில்லை. ஒட்டவைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர் சாப்பிடுகிற மாத்திரை, உடம்பின் எதிர்ப்பையே அடக்கி வைக்கிற மாத்திரை. "ரெண்டு ஊசி போட்டும் ரத்தத்துல ஒண்ணும் ஏறல. இவருக்கு நோய் வராம பாத்துக்கறது சுத்தி இருக்கறவங்க கையிலதான் இருக்கு" என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கவசமில்லாமல் வருகிற ஒவ்வொருத்தனும் அவளுக்குக் கத்தியோடு வருகிறவன்தான்.

அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடம். ஊருக்கெல்லாம் உடம்பைக் குறைக்கச் சொல்லும் அதன் முதலாளிக்கு ஆறு மாடி ஏற முடியாது. ஒரு புதன்கிழமை காலை, லிஃப்டில் ஏற்கெனவே இரண்டு பேர் நிற்கும்போது, தன் சீடர்கள் இரண்டு பேரோடு வந்து நின்றார். மூன்று பேர் முகத்திலும் கவசம் இல்லை.

"அடுத்த தடவை வாங்க. மாஸ்க் போட்டுட்டு வாங்க" என்றாள் அக்கா.

அவர் செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். "ரெண்டு டோஸ். சர்டிபிகேட் பாரு."

"எனக்கும்தான் ரெண்டு டோஸ். அதுக்கென்ன இப்ப, மாலை போடணுமா?"

ஏற்கெனவே நின்றிருந்த இரண்டு பேரும் நல்லவர்கள், அதாவது புத்திசாலிகள். நைசாக வெளியே நழுவிவிட்டார்கள். ஜிம்காரர் சீடர்களோடு உள்ளே புகுந்து, கதவைச் சாத்தி, கைப்பிடியைத் தானே திருப்பினார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கைப்பிடியை வேறு கை தொட்டதில்லை. அக்கா முக்காலியை எடுத்து அவர் வாயில் அடித்தாள். அவர் அவள் கவசத்தைப் பிடித்து இழுத்தார்; நாடா அறுந்து, காதுமடலின் தோலும் கூடவே உரிந்து வந்தது. சீடன் ஒருவன் அவள் கன்னத்தில் குத்தினான். அவன் விரலை அவள் பின்பக்கமாக மடக்கினாள், ஒடிந்தது. இன்னொருவன் அவளைத் தூக்கிக் கதவின் மேல் எறிந்தான். கதவு வளைந்தது. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது.

வளைந்த கதவு மூடவில்லை. மூடினால்தான் லிஃப்ட் நகரும். மெக்கானிக் வந்து இறக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் பீரோ அளவு பெட்டிக்குள் நாலு பேர், ஒருவர் முகத்திலும் துணி இல்லை. ஜிம்காரர் உடைந்த பல்லோடு அவள் முகத்தில் ரத்தமும் எச்சிலும் தெறிக்கக் கத்தினார். நடுநடுவே இருமினார். அவள் பதிலுக்குக் கத்தினாள். கீழே வந்து கதவைப் பிரித்தபோது தரையெல்லாம் ரத்தம். அது யாருடையது என்று பிரிக்க முடியாத மாதிரி இருந்தது என்று மெக்கானிக் என்னிடம் சொன்னார்.

கட்டடச் சங்கம் அவளை இரண்டு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றது. வீட்டில் அவள் மாமாவை அறைக்குள் வைத்துவிட்டு, தான் சமையலறையில் இருந்தாள். வீட்டுக்குள்ளும் கவசம். சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கி, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தாள். ஒரே கோடு. நோய் இல்லை. கவசத்தைக் கழற்றிப் போட்டாள். மாமா வெளியே வந்து, அவள் முகத்தை ஏந்திப் பிடித்து, கன்னத்துக் காயத்துக்கும் காதுக்கும் மருந்து போட்டார். கண்ணாடி போட்டாலும் அவருக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது நாளில் அந்த அட்டை எதையும் காட்டாது என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். எப்போதும் போல வாயும் மூக்கும் காற்றாட. மாமா வாசலில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். பார்த்து இரண்டு மாசம் ஆயிற்றே என்று கட்டிப்பிடித்துவிட்டேன். பின்னாலிருந்து குக்கர் மூடி வந்து என் புருவத்தில் விழுந்தது.

"வீடு வீடா போறவன்டா நீ! மூஞ்சியில துணி எங்கடா?"

"ரெண்டு ஊசி எதுக்குக்கா போட்டோம்? காலம் பூரா மூஞ்சிய மூடிட்டுச் சாகவா?"

"நீ சாவு. அவர் மேல ஏன்டா விழற?"

இரண்டாவது அடிக்கு மூடி வளைந்தது. "மாப்ளைய விடுடி, பாவம்" என்று மாமா நடுவில் வந்தார். நான் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, வழிகிற ரத்தத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி இவள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை மாமாவுக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை மூன்று பேரும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். படிவத்தை எழுதியது நான், அதனால் முடிவும் என் செல்போனுக்குத்தான் வந்தது. அதற்குள் மாமாவுக்கு மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். மாமாவுக்கு நோய் இருந்தது. அக்காவுக்கும் இருந்தது, அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை, ஊசி வேலை செய்த உடம்பு. எனக்கு இல்லை.

அவளிடம் சொல்லப் போனேன். இந்தத் தடவை முகத்தை இறுக்கக் கட்டிக்கொண்டுதான் போனேன். அவளுக்கு இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு கோடுதானேடா இருந்துச்சு?"

"ரெண்டாம் நாள் பாத்தா தெரியாதாம்க்கா. லேப்ல சொன்னாங்க." வாயை அடக்கியிருக்கலாம். எனக்கு என்றைக்கு அடங்கியிருக்கிறது?

"அப்ப நான்தானா? மருந்து போடறேன்னு கிட்ட வந்தாரேடா... நான்தானா?"

இரும்பு நிலைக்கதவில் தலையை மோதினாள். அழுகிறவர்கள் லேசாக முட்டிக்கொள்வார்களே, அது இல்லை. காதைக் கடித்த வேகம், முக்காலியைத் தூக்கிய வேகம். முதல் மோதலில் நெற்றி பிளந்தது. இரண்டாவதில் கதவே அதிர்ந்தது. நான் பிடித்தேன், பிடிக்க முடியவில்லை. அவளுடைய கையை யாராலும் பிடிக்க முடிந்ததில்லை. மூன்றாவது மோதலில் கண் சொருகியது. நாலாவதை அவள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ இல்லக்கா. நான்!" என்று கத்தினேன். "எனக்கும் இருக்கு. சனிக்கிழமையே ஜுரம். மாத்திரை போட்டு மறைச்சிட்டுதான் ஞாயித்துக்கிழமை வந்தேன். நான்தான் ரெண்டு பேருக்கும் கொடுத்தேன்."

தலை நின்றது. அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஜிம்காரர் மேல் பழியைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போடலாம். அவரிடமிருந்து வந்தது என்றால் நடுவில் அக்கா நிற்பாள். அவளைத் தாண்டாமல் மாமாவிடம் போகிற வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது நான். யோசித்துச் சொன்னேன் என்று பெருமை அடிக்க மாட்டேன். வாயில் வந்தது, சொன்னேன். அது பெரிய பொய்யும் இல்லை. வெறும் முகத்தோடு போய்க் கட்டிப்பிடித்தவன் நான். என்னிடம் நோய் இல்லாதது என் நல்ல நேரம், என் யோக்கியதை இல்லை.

மாமா மோட்டார் காயிலைத் தட்டி உட்கார வைக்கிற மரச்சுத்தியல் வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்தாள். முதல் அடி தோளில். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்தது முழங்காலில். விழுந்த பிறகு முதுகில். "மறைச்சியா? மறைச்சிட்டு வந்தியா?" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் "ஆமாக்கா" என்றேன். "வலிக்குதுக்கா" என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாளோ என்னவோ. நான் சொல்லவில்லை. நிறுத்தினால் திரும்பக் கதவிடம் போவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கம்பைக் கொண்டு அவளைத் தள்ளிவிட்டு என்னை இழுத்துப்போனார்கள்.

நாலு நாள் கழித்து மாமா ஒரு நர்ஸின் போனிலிருந்து பேசினார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"மாப்ள, அவ உன்னைத் திட்டித் தீக்கறா. உனக்கு நிஜமா ரிசல்ட் என்ன?"

அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. "எனக்கு இல்ல மாமா."

"சரி. மாத்திச் சொல்லிடாத" என்றார். "எவ்வளவு அடிச்சாலும்."

அதற்கு அடுத்த வாரம் அவர் இறந்துபோனார். உறை போட்டுத் தைத்துக் கொடுத்த உடலோடு, அவளுடைய சிறுநீரகமும் போயிற்று. நான் தூரத்தில் நின்றேன். சொந்தக்காரர்கள் யாரும் என் பக்கத்தில் வரவில்லை. மாமாவைக் கொன்றவன் என்று பெரியப்பா மகன் என் முகத்துக்கு நேரே சொன்னான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதை எழுதினால் உண்மை அவளுக்குத் தெரிந்துவிடாதா என்றால், தெரியாது. நான் எழுதியது என்று தெரிந்தாலே அவள் அந்தத் தாளைத் தொடமாட்டாள்.

அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் கை எதையாவது தேடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கேன் வண்டியை அந்தத் தெரு வழியாக விடுகிறேன். அங்கே எனக்கு ஒரு வாடிக்கையும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வருவாள், கையில் கிடைத்ததை எறிவாள். போன வாரம் செங்கல் துண்டு. பின்மண்டையில் ஐந்து தையல்.

தையல் போட்ட கம்பவுண்டருக்கு என்னை நன்றாகப் பழக்கம். "அந்தத் தெரு பக்கம் போகாம இருக்கக் கூடாதாய்யா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள தையல் பிரிச்சிடலாமா?" என்றேன்.