அதுக்கு ஆள் தெரியோணும் ஆத்தா

மாசியில் போன நோய் ஆடியில் திரும்பி வந்தது. சினைப்பையில் புற்று. அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து, உதிர்ந்த முடி வளர்ந்து, மறுபடி வகிடு எடுக்கத் தொடங்கியிருந்தேன். ஆட்டையாம்பட்டியில் எங்கள் தெரு மாரியம்மன் பண்டிகைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது என் வயிறு வீங்கியது.

சேலத்தில் டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை.

"பழைய கீமோவை மட்டும் கொடுத்தா இனி அடங்காதும்மா. நம்ம உடம்புல ஒவ்வொரு அணுவுக்கும் காலம் முடிஞ்சா தானா சாகத் தெரியும். புற்று அணுவுக்கு அது மறந்துபோச்சு. அதைச் சாகச் சொல்ற புரதம் ஒண்ணு இருக்கு. கீமோ அந்த அணுவைத் தளர வைக்கும், புரதம் போய் உத்தரவு கொடுக்கும். ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. உறுதி சொல்ல மாட்டேன்."

என் கணவர் தறி ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அன்று கேட்டார்: "நல்ல அணுவும் அந்த உத்தரவக் கேட்டுப்போட்டா என்னங்க பண்றது?"

"பெரும்பாலும் கேக்காதுங்க. ஈரல் மட்டும் பாதிக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம்."

யோசித்துவிட்டுச் சம்மதித்தேன். ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' என்னை விடவில்லை. சாக மறந்த ஒன்று எனக்குள் இருக்கிறது. சாகச் சொல்லும் ஒன்றையும் உள்ளே விடப்போகிறார்கள். சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் இதே நினைப்பு. மருந்து ஏறத் தொடங்கிய பிறகு கை மரத்தால்கூட, இதுவும் கேட்டுவிட்டதோ என்று விரல்களை அசைத்துப் பார்ப்பேன்.

மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ஒன்றின் சாவைக் கேட்டு அவள் முன் நான் நின்றதே இல்லை. வாய் வரவில்லை. கடைசியில், "ஆத்தா, அதுக்கு ஆள் தெரியோணும். எது நானு, எது நானில்லைன்னு நீதான் காட்டோணும்" என்றேன்.

மருந்து ஏற்றும் அறையில் பக்கத்துக் கட்டிலில் செல்வி இருந்தாள். தம்மம்பட்டிக்காரி, என்னைவிடச் சின்னவள். அதே நோய், அதே மருந்து. என் வேண்டுதலைச் சொன்னதும் சிரித்தாள். "எனக்கும் சேர்த்துக் கேளுங்கக்கா. தம்மம்பட்டி செல்வின்னு ஊர் பேரோட சொல்லுங்க. வேற செல்விக்குப் போயிடப்போவுது."

அப்படியே சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமையும் விடவில்லை.

எனக்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஈரல் கெட்டு, மருந்தை நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். ஐப்பசியில் ஸ்கேன் எடுத்தபோது கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. "உத்தரவைக் கேட்டிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

செல்வியின் கட்டி கேட்கவில்லை.

"என் பேரைச் சொன்னீங்கதானேக்கா?" என்று கேட்டாள்.

"சொன்னேன் சாமி."

தலையாட்டினாள். தையில் போய்விட்டாள்.

இன்றுவரை எனக்கு நோய் திரும்பவில்லை. ஆத்தா தந்த உயிர் இது. இதை எங்கும் சொல்வேன். ஆனால் விளக்கேற்றும்போது செல்வியின் அந்தக் கேள்வி காதில் விழுகிறது. அவள் நம்பிக்கை குறைந்ததென்று யாராவது சொன்னால் ஒப்பமாட்டேன். என்னைவிட நம்பியவள் அவள்.

பங்குனியில் அவள் கணவர் எங்கள் கோயிலுக்கு வந்தார். கையில் மாலை. அவரே சொன்னார்: "கடைசில வலியில்லாமப் போகணும்னு நானும் இந்த ஆத்தாகிட்டதாங்க கேட்டேன். தூக்கத்துலயே போயிட்டா. அதுக்கு நன்றி சொல்ல வந்தேன்."

நின்றபடியே அழுதேன். அவள் போன பிறகு அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

நோயோடு இதைப் படிக்கிறவர்களே, மருந்தை விடாதீர்கள். சன்னதிக்கும் வாருங்கள். என்ன கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. பயம் போன பிறகு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னும் நான் நடுங்கிக்கொண்டேதான் அவள் முன் போய் நிற்கிறேன். அவள் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.