கேசிங் பைப்பில் கட்டிய எர்த்

அன்பழகன் பல்லால் ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். கட்டர் பக்கத்திலேயே கிடந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் டிரில்லராகப் பல வருடம் வடக்கே சுற்றியவர். கம்ப்ரசர் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. நாம் சொல்வது கேட்காது. ஸ்பீக்கரில் சின்ன இரைச்சல் வந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே தோட்டத்து வீடு. பக்கவாதத்தில் படுத்திருந்த அவர் மனைவி பொன்னாயியைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸாக நான் போயிருந்தேன். பொன்னாயிக்குப் பேச்சு இல்லை, இடது கை அசையாது. பாட்டென்றால் அவளுக்கு உயிர் என்று பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கி, கட்டிலை ஒட்டி இரும்பு ஸ்டாண்டில் வைத்திருந்தார். கட்டிலும் இரும்புதான், கரண்டில் ஏறி இறங்குவது.

ஃபிரிட்ஜ் ஓடினால் ஸ்பீக்கர் பொரிகிறது என்று, மெயின் போர்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் தனி லைன் இழுக்க எலக்ட்ரீசியன் சிவக்குமார் வந்தார்.

"எர்த்தையும் போர்டுலயே குடுத்தரலாமுங்க."

"ஊட்டு எர்த்துலதான் எல்லாச் சத்தமும் இருக்குது சாமி. போர்க்குழி கேசிங் பைப்பு அத்தனை ஆழத்துக்கு நிக்குது. சைட்டுல ஜெனரேட்டருக்கே அதுலதான் கட்டுவோம்."

"மோட்டாரும் அதே குழிக்குள்ளதானுங்க கெடக்குது."

"நீ எத்தன போர் போட்டிருக்கறே?"

சிவக்குமார் வேலையை முடித்துப் போனதும், அன்பழகனே ஆம்ப்ளிஃபயரின் பச்சை எர்த் ஒயரைக் கொல்லைக்கு இழுத்துப் போய்ப் போர்க்குழியின் இரும்புக் குழாயில் கட்டினார்.

சாயங்காலம் பாட்டுப் போட்டார். அதிர்வு தெரியட்டும் என்று பொன்னாயியின் இடது கையை எடுத்து ஸ்டாண்டின் மேல் வைத்தார். சற்று நேரத்தில் விரல்கள் துடித்தன. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடியில் யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல விரல்கள் மட்டும். பாட்டு முடிந்தது. விரல்கள் நிற்கவில்லை.

"பாத்தீங்களா அம்மிணி, தாளம் போடறா."

தாளமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் கைக்கு அசைவு திரும்பிவிட்டது என்று ஊரெல்லாம் ஃபோன் செய்தார். தினமும் விரலை மடக்கி நீட்டும் பயிற்சியை நிறுத்தச் சொன்னார். "பாட்டே பாத்துக்குமுங்க."

சில நாள் துடிக்கும், சில நாள் துடிக்காது. துடிக்காத நாளில், அந்தப் பாட்டு அவளுக்குப் பிடிக்காது என்பார். துடித்த நாளில் அவள் கண்ணோரம் நீர் வழிந்தது. சந்தோஷம் என்றார். வலியில் வரும் கண்ணீரை நான் நிறையத் துடைத்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் மாலை, அவளுக்கு உடம்பு துடைத்த ஈரக்கையோடு ஸ்டாண்டைத் தொட்டேன். மறு கை கட்டில் கம்பியில் இருந்தது. முழங்கை வரை சுண்டி இழுத்தது. விழுந்தடித்துப் பொன்னாயியின் கையைத் துணியால் பிடித்து விலக்கிப் போர்வைக்குள் வைத்தேன். விரல்கள் நின்றன. கொல்லைத் தொட்டியில் மோட்டார்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

அன்பழகனைக் கூப்பிட்டு டெஸ்டர் எடுத்துவரச் சொன்னேன். ஸ்டாண்டில் வைத்ததும் எரிந்தது. மோட்டாரை அணைத்தேன், டெஸ்டரும் அணைந்தது. மோட்டார் ஒயர் எங்கோ தேய்ந்து, தண்ணீரில் கசிந்த கரண்ட் குழாய் ஏறி, அவர் கட்டிய பச்சை ஒயர் வழியாக ஸ்டாண்டுக்கு வந்து, தொட்டவர் உடம்பில் புகுந்து, வீட்டு எர்த்தில் இருந்த கட்டிலுக்கு இறங்கியிருக்கிறது.

"அப்ப அவ பாட்டைக் கேக்கவே இல்லீங்களா?"

"கேட்டிருப்பாங்க. கையை ஆட்டினது கரண்டுங்க."

அவர் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினார்.

மறுநாள் காலையில் சிவக்குமார் வந்து எர்த்தைப் போர்டில் மாற்றிக் கொடுத்தார். மோட்டாரை வெளியே எடுக்க ஆளுக்குச் சொல்லிவிட்டார். அன்பழகன் ஸ்டாண்டை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார். பாட்டுப் போட்டுவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து, பொன்னாயியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். ஸ்பீக்கர் லேசாக இரைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.