கண் வார்டில் அழக் கூடாது

நர்ஸ் வேலையில் பாதி, நோயாளியைப் பார்த்துக்கொள்வது. மீதி, அவரைப் பார்க்க வருகிறவர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றுவது. இதைப் படிக்கிறவர்களில் நர்ஸாக இருந்தவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள். சொந்தக்காரரைப் பார்க்கப் போய் வாசலில் என்னைப் போன்ற ஒருத்தியிடம் திட்டு வாங்கியவர் நீங்கள் என்றாலும் பரவாயில்லை, நாம் எல்லாரும் ஒரே ஆஸ்பத்திரியில் கஷ்டப்பட்டவர்கள்தான்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கண் வார்டில் இருந்தேன். பன்னிரண்டு கட்டில். ஸ்பிரிட் வாசனை, ஸ்டவ்வில் ஊசி கொதிக்கிற சத்தம், ஜன்னலைத் திறந்தால் மலை. இப்போது நினைத்தாலும் அந்த வாசனை மூக்கில் வந்துவிடுகிறது. இன்றைக்குக் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சாயங்காலமே வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் பை வைத்து, ஒரு வாரம் மல்லாக்கப் படுக்க வைப்போம். இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. தையல் விட்டுப்போனால் பார்வை போச்சு.

அந்த வார்டில் எத்தனையோ பேர் படுத்து எழுந்து போனார்கள். என் மனசில் நிற்பவர் ஏழாம் நம்பர் கட்டில் கன்னியப்பன். அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி, அறுபது வயசிருக்கும். சின்ன வயசில் முள் குத்தி ஒரு கண் போய்விட்டது. ஆபரேஷன் செய்தது மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணில். அதுவும் போனால் அவருக்கு முழு இருட்டு. அந்த ஒரு வாரம் எனக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை.

ஒப்பாரி

முதல் நாள் நாலு மணிக்குப் பார்வை நேரத்துக்கான மணி அடித்தது. அவர் சம்சாரம் பச்சையம்மாளும் ஊர் ஜனம் எட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். "ரெண்டு பேர்தான் போகலாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கட்டிலைச் சுற்றி நின்றாகிவிட்டது. கண்ணைக் கட்டி, மல்லாக்க, அசையாமல் கிடக்கிற ஆளைப் பார்த்ததும் கூட வந்த ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டு ராகம் போட்டு ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கன்னியப்பனின் உதடு துடிக்க ஆரம்பித்தது.

வாயைப் பொத்தாத குறையாக அத்தனை பேரையும் வராந்தாவுக்குத் தள்ளினேன். "பொழைக்கப் போற மனுஷனுக்கு எதுக்கம்மா ஒப்பாரி?" என்று கத்தினேன். ராகத்தை ஆரம்பித்த அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "நீங்க படுக்க வெச்சிருக்கற தோரணைய பாருங்க நர்ஸம்மா. இதப் பாத்து அழலன்னா அப்பறம் நாங்க என்ன சொந்தம்?"

கட்டிலுக்குப் பூசிய விபூதி

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்கு நேராக வருகிறவர்கள் குறைவு. கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். நோயாளியின் நெற்றியில் விபூதியைப் பூசி, கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை ஊதிவிடுவது வழக்கம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், நானே என் பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன். ஆனால் கட்டின் இடுக்கில் ஒரு துளி சாம்பல் போனால் என்ன ஆவது? இரண்டாம் நாள் கன்னியப்பனின் அக்கா வாயைக் குவித்து ஊதப்போன நேரத்தில் நான் குறுக்கே பாய்ந்தேன். விபூதி முழுக்க என் மூக்கில் ஏறியது. வார்டில் தும்மக் கூடாது என்று சட்டம் போட்டவள் ஏழு தும்மல் தும்மினேன்.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. "கால்மாட்டுக் கம்பியில பூசுங்க, அவருக்குப் போய்ச் சேரும்" என்றேன். அக்கா யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்த கட்டில்காரர்களும் பூசினார்கள். மறுநாள் காலையில் பன்னிரண்டு கட்டிலும் பட்டையடித்து, குங்குமம் வைத்துக்கொண்டு நின்றன. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சிஸ்டர், நான் ஆபரேஷன் பண்ணது ஆளுக்கா, கட்டிலுக்கா?"

காதர் பாய்

மூன்றாம் நாள் காதர் பாய் வந்தார். டவுனில் மண்வெட்டி, கலப்பைக் கொழு எல்லாம் விற்கிறவர், கன்னியப்பனின் முப்பது வருஷ சிநேகிதர். நான் ஒன்றும் கேட்காமலே சட்டைப் பையிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தார். உள்ளே கொண்டுபோனால் கன்னியப்பன் கேட்பாராம், கேட்டால் இவரால் இல்லை என்று சொல்ல முடியாதாம். குழாயடியில் கை கழுவிக்கொண்டு வந்து, ஸ்டூலை ஓசைப்படாமல் போட்டு, நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தர் வாசனையிலேயே கன்னியப்பனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. முகம் தெளிந்து, கொஞ்ச நேரத்தில் தூங்கியே போனார்.

ஆறு மணி வரைக்கும் பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படி ஒரு ஆளை என் சர்வீஸில் அதுவரை பார்த்ததில்லை. போகும்போது, "ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாமே பாய்" என்றேன். "நாங்க பேசினா சிரிப்பு ஜாஸ்தி ஆயிடும்மா. கண்ணு முதல்ல சரியாவட்டும், பேச்சு எங்க ஓடிடப் போவுது?"

வாய் பேசாத ஆயா

நாலாம் நாள் மணி அடித்து எல்லாரும் உள்ளே போன பிறகும் ஒரு பெண் வாசலிலேயே நின்றாள். கூப்பிட்டு விசாரித்தேன். பெயர் செல்வி, கன்னியப்பனின் ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போளூருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பாவும் பேசவில்லை, மகளும் வரவில்லை. "தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடறேன் நர்ஸம்மா" என்றாள். "உன் குரல் கேட்டா ஒண்ணு அவருக்குக் கோபம் வரும், இல்ல அழுகை வரும். எது வந்தாலும் கண்ணுக்கு ஆபத்து. கட்டு அவிழ்த்ததும் வா" என்றேன். அவள் நகரவில்லை. எனக்குப் பாய் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த ஸ்டூல் நினைவுக்கு வந்தது.

நோயாளியிடம் பொய் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அன்றைக்கு அது போனது. "கன்னியப்பன், புதுசா ஒரு ஆயா வந்திருக்கா. வாய் பேச வராது. அவதான் இனிமே உங்களுக்குக் கஞ்சி ஊட்டுவா" என்றேன். பச்சையம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

செல்வி ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊட்டினாள். பேச வராதவள்தானே என்று கன்னியப்பன் அவளிடம் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார். ஆறாம் நாள் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "எனக்கு ஒரு பொண்ணு இருக்கறா ஆயா. கட்டு அவுத்ததும் போளூர் போவணும். நாந்தான் போவணும். அவ வர மாட்டா, ரோஷக்காரி, என்ன மாதிரியே." செல்வி கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள். நான் பின்னால் போனபோது தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். "சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம் நர்ஸம்மா. அவருக்குக் கண்ணு வரட்டும். மவளா நான் அப்பறம் இருந்துக்கறேன்."

கட்டு அவிழ்த்த நாள்

ஏழாம் நாள் காலையில் டாக்டர் கட்டை அவிழ்த்தார். நான் டிரேயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஈரப் பஞ்சால் இமையைத் துடைத்து, கண்ணைத் திறக்கச் சொன்னார். சிவந்திருந்தது, ஆனால் தையல் விடவில்லை. டாக்டர் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். "மூணு" என்றார் கன்னியப்பன். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அந்தக் காலத்து ஆபரேஷனுக்குப் பிறகு கனமான கண்ணாடி போட்டால்தான் முகம் தெரியும். டாக்டர் ஒரு தடித்த லென்ஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "எதிர்ல நிக்கறது யாரு, சொல்லுங்க" என்றார். எதிரில் கஞ்சிக் கிண்ணத்தோடு செல்வி நின்றாள். நான்தான் நிற்க வைத்திருந்தேன். கன்னியப்பன் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். ஒரு வாரம் நான் போட்ட அதட்டல் அவருக்குள் எவ்வளவு இறங்கியிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அனுமதி கேட்டார்: "நர்ஸம்மா, இப்ப அழுவலாமா?"

டாக்டர் முந்திக்கொண்டு சொன்னார்: "ரெண்டு சொட்டு அழுங்க. கசக்க மட்டும் கூடாது."

அதற்குப் பிறகு நோயாளிகளின் நல்லதுக்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு பொய்யில்தான்.