மாமியாரும் நானும் போன உடற்பயிற்சி வகுப்பு

கணவர் பெங்களூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று தெரிந்த பிறகும் நான் மொரப்பூரில் அவருடைய அம்மாவோடுதான் இருந்தேன். என் அண்ணன் வந்து கூப்பிட்டார். போக மனம் வரவில்லை. விஷயம் தெரிந்த அன்றே மாமியார் மகனிடம் போனில், "இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத" என்று சொல்லி வைத்துவிட்டிருந்தார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனாலும் சோறு இறங்கவில்லை. தருமபுரியில் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, காலையில் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்து மாடியில் ஒரு பெண் வகுப்பு எடுப்பதை மாமியார்தான் விசாரித்துவிட்டு வந்தார். "தனியாப் போவ வேணாம், நானும் வரேன்" என்றார். புடவை மேலேயே மகனுடைய பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த வகுப்பில் உடம்பு அசையும்போது வாயும் பேச வேண்டும். கையை முன்னால் குத்தும்போது, "எனக்குத் தைரியம் இருக்கு." உட்கார்ந்து எழும்போது, "நான் எந்திரிச்சு நிப்பேன்." முதல் நாள் எனக்குச் சத்தமே வரவில்லை. கண்ணில்தான் தண்ணீர் வந்தது. பக்கத்துப் பாயில் மாமியார் மூச்சு வாங்க, எனக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

கடைசியில் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, "எனக்கு நானே போதும்" என்று சொல்லச் சொன்னார் பயிற்சி கொடுத்த பெண். மாமியார் கண்ணைத் திறந்துவிட்டார்.

"அதெப்படிங்க போதும்? மனுசருக்கு மனுசர் வேணுமில்லங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே, "சரிங்கம்மா, உங்களுக்கு எது உண்மையோ அதையே சொல்லுங்க" என்றார்.

மாமியார் மறுபடி கண்ணை மூடினார். "எனக்கு எம் பொண்ணு இருக்கா" என்றார். அவருக்குப் பிறந்தது ஒரே மகன்தான். என்னைத்தான் சொன்னார்.

அதன் பிறகு வகுப்பு முடியும்போதெல்லாம் அவர் அதையே சொன்னார். மெல்ல எனக்கும் குரல் வந்தது. வீட்டுக்கு வந்து இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தை மாதத்தில் ஒரு காலை எல்லோரும் நெஞ்சில் கை வைத்து நின்றபோது பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார். சாயங்காலம் அவரே சொன்னார்.

"கண்ணு, அவன் போன் பண்ணான். பையன் பொறந்திருக்கானாம். அந்தப் பொண்ணுக்குத் தாய் இல்ல. பச்சக் கொழந்தைய வெச்சிக்கிட்டு ரெண்டு பேரும் அல்லாடறாங்க."

"போறீங்களா அத்த?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

போனில் படத்தைக் காட்டினார். எனக்கு ஒரு குழந்தையும் தங்கவில்லை. இந்தக் குழந்தையின் காது அப்படியே என் கணவருடைய காது. நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மறுநாள் கடையிலிருந்து குழந்தைக்கு மெல்லிய வெள்ளைத் துணி வாங்கி வந்து அவருடைய பையில் வைத்தேன். ரயில் ஏற்றிவிடவும் நான்தான் போனேன். பெட்டியில் ஏறிய பிறகு ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போவச் சொன்னதாலதான் கண்ணு போறேன்" என்றார்.

நான் போகச் சொல்லவில்லை. போறீங்களா என்றுதான் கேட்டேன். ரயில் நகர ஆரம்பித்தது. "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றேன்.

அடுத்த காலை வகுப்புக்குப் போனேன். "அம்மா வரலீங்களா?" என்று பயிற்சி கொடுத்த பெண் கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். கையையும் காலையும் அசைத்தேன், பேசவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. அந்த வாரத்தோடு நின்றுவிட்டேன்.

சித்திரை வரை பார்த்தேன். மாமியார் வரவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தருமபுரியில் ஒரு விடுதிக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குழந்தை அழும். அவர் தவிப்பது தெரியும். "அப்புறம் பேசறேங்க அத்த" என்று நான்தான் முதலில் வைக்கிறேன்.