சாத்திய கதவுக்கு மூன்று காரணங்கள்

மனைவியை வாதத்தில் ஜெயித்துவிட்டதாக மார்தட்டிக்கொண்ட முட்டாள் நான். பெங்களூர் அல்சூர்ப் பக்கம் ஒரு தமிழ் மன்றத்தில் அப்போது பட்டிமன்றம் பேசுவேன். நான் பேசிய அணிகளெல்லாம் தோற்றன. ஆனாலும் வாதத்தை எப்படித் தொடங்குவது என்று கண்டவருக்கெல்லாம் பாடம் எடுப்பேன். முதலில் எதிராளி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரு நோஞ்சான் காரணம், அடுத்து கொஞ்சம் தெம்பான காரணம். பயில்வானைக் கடைசியில்தான் இறக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு வதந்தி கிளம்பியது. வேண்டியவர்களின் குரலில் கூப்பிட்டுப் பேய் ஒன்று கதவைத் தட்டுகிறதாம், திறந்தால் போச்சு. கதவில் ‘நாளை வா’ என்று கன்னடத்தில் எழுதிவைத்தால் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வரிசை முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. என் மனைவியும் எழுதினாள். மன்றத்து ஆட்கள் பார்த்தால் என் மானம் என்னாவது? “நீ பயப்படறது நியாயந்தான். ஆனா தமிழ்ப் பேய் வந்தா யாரு படிச்சுச் சொல்றது?” என்று ஆரம்பித்து, அவள் வாயை அடைத்து, கதவில் இருந்த எழுத்தை ஈரத்துணியால் துடைத்தும்விட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கரண்ட் இல்லை. இன்னும் முழுதாக இருட்டவில்லை, ஆனால் சந்தில் பந்தடிக்கும் பிள்ளை ஒன்றைக்கூடக் காணோம். தட்டினேன்.

“நான்தாம்மா. தெற.”

உள்ளே அழுதுகொண்டிருந்த எங்கள் குழந்தை, வாயைப் பொத்தியதுபோல் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், மூச்சுச் சத்தம்.

“நீங்கதான்னு எப்பிடி நம்பறது?” என்றாள் மனைவி.

சிரிப்பு வந்தது. எனக்கா வாதத்துக்குப் பஞ்சம்?

“நீ பயப்படறது நியாயந்தான், ஒத்துக்கறேன். மொதல்ல என் குரலக் கேளு.”

“குரல் அதுக்கும் வரும்.”

“சரி, காலையில உப்புமாவுல உப்பில்லன்னு மொணகினேனே, அது ஊருக்கா தெரியும்?”

பக்கத்து வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பயில்வானை இறக்கினேன்.

“இதக் கேளும்மா. பேய்னா கூப்பிடும், அவ்வளவுதான். இப்பிடி வரிசையா காரணம் சொல்லிக்கிட்டா நிக்கும்? வாதாடறவன் மனுஷன்தானே?”

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது. பிறகு அவள் குரல், அழுகையை விழுங்கிக்கொண்டு, கதவிடுக்கு வழியாக வந்தது.

“கொஞ்ச நேரம் முன்னாடி வந்ததுகூட இதையேதான் சொல்லுச்சு.”