ஆற்றங்கரையில் கிடைத்த தொப்பி

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவரை நினைத்தாலே எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன்.

அண்ணன் பிறந்தது திருவாலங்காட்டில். ஏரி வறண்டு, நிலம் கைவிட்டுப் போனதும் நைனா எங்களைத் திருத்தணிக்குக் கூட்டிவந்து, மலையடிவாரத்தில் தேங்காய், பூ, கற்பூரக் கடை போட்டார். அந்தக் கடையில் அண்ணன் ஒரு முழுப் பகல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோற்றைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவார். ஆனால் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அதனாலும் கடை வளரவில்லை.

யுத்தம் வந்தபோது பட்டாளத்தில் சேர ஓடினார். பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தொப்பிப் பைத்தியம் பிடித்தது. விடுப்பில் வரும் சிப்பாய்கள் மலைக்கு வந்து முடி இறக்குவார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையில் தொப்பி போட முடியாது. கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர் பக்கத்தில் அண்ணன் போய் நின்று, "பழசு எதுனா இருந்தா குடுங்க சார்" என்பார். முந்தைய யுத்தத்துக்குப் போய்வந்த பென்ஷன்காரர்கள் வீட்டுப் பரணையும் விடவில்லை. பூச்சி அரித்த தலைப்பாகை, தக்கையில் செய்த வெயில் தொப்பி, ஓரம் மடித்த கம்பளித் தொப்பி எல்லாம் எங்கள் காலி நெற்குதிரில் குடியேறின. அரக்கோணத்தில் பட்டாள ரயில் நிற்கிறது என்றால் சைக்கிளில் பறப்பார். எந்தப் படைக்கு என்ன சின்னம், அதை எங்கே குத்துவார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஊரே தலைய மழிச்சிகினு போவுது, இவன் தொப்பிய பொறுக்கிகினு வரான்" என்று நைனா தலையில் அடித்துக்கொள்வார்.

என்னைக் கொடுத்த இடம் அரக்கோணம். என் வீட்டுக்காரர் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டு பர்மா எல்லைக்குப் போயிருந்தார். அவரோடு வேலை பார்த்த ஒருவர் விடுப்பில் வந்தபோது எங்கள் வீட்டைத் தேடி வந்தார். லாரியை வெள்ளம் அடித்துப் போய்விட்டது, ஆள் கிடைக்கவில்லை, ஆற்றங்கரையில் இதுதான் கிடைத்தது என்று ஒரு கம்பளித் தொப்பியை என் மாமியார் கையில் கொடுத்தார். அழுகை ஓய்வதற்குள் பெரியவர்கள் காரியத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அன்று என் தாலியை இறக்குவார்கள்.

செய்தி கேட்டு அண்ணன் ஓடிவந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தொப்பியைத்தான் எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்தே, இது மாப்பிள்ளையுது இல்லிங்க."

"இன்னாப்பா பேசற, இந்த நேரத்துல?" என்றார் மாமியார்.

"சின்னம் உழுந்துட்சி, அது குத்தியிருந்த எடத்த பாருங்க. வெயில் படாம சாயம் அப்படியே கீது. ஊதுகொம்பு மாதிரி இல்ல? லாரிக்காரங்களுக்கு நட்சத்திரம். இது காலாட்படைக்காரரு தொப்பி."

பெரியவர்கள் சீறினார்கள். ஒரு தொப்பியை நம்பிச் சடங்கை நிறுத்துவதா?

"தொப்பிய நம்பித்தான தாலிய எறக்கப் போறீங்க?" என்றார் அண்ணன்.

சர்க்காரிடமிருந்து தாக்கல், தந்தியோ கடிதமோ, வரட்டும் என்று நாளைத் தள்ளிவைத்தார்கள். அதன் பிறகு ரயில் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி வாசலுக்கு வந்து நிற்பேன். அண்ணன் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து, இறங்கும் முகங்களைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் காய்ச்சலில் முடி கொட்டி, எலும்பும் தோலுமாக என் வீட்டுக்காரர் இறங்கினார்.

"வழியில ஒரு சிப்பாய் கை காட்டினாரு, ஏத்திகினேன்" என்றார் அவர். "நகரி பக்கம். நம்மூருக்காரருன்னு சந்தோஷமா பேசிகினு போனோம். வெள்ளத்துல அவரு கையப் புடிச்சேன், நிக்கல. அவரு போனத கண்ணால பாத்தேன். என்ன எங்கியோ கரை ஒதுக்கிச்சி. ஆஸ்பத்திரியில ஆபீசருங்ககிட்ட சொன்னேன். வூட்டுக்குத் தாக்கல் போச்சோ இன்னாவோ."

வீடே சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. அண்ணன் மட்டும் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு வூட்டுதுன்னு தெரிஞ்சப்புறம் இத வெச்சிகினு எப்படி குந்தறது?" என்றார். பேரும் ஊரும் கேட்டுக்கொண்டு மறுநாளே நகரிக்கு ரயிலேறினார்.

சாயங்காலம் திரும்பியபோது தொப்பி பையிலேயே இருந்தது.

கதவைத் திறந்த பெண் நெற்றி நிறையக் குங்குமமும் தலையில் கனகாம்பரமுமாக நின்றாராம். அந்த வீட்டுக்கு எந்தத் தாக்கலும் போகவில்லை. அண்ணன் பையைத் திறக்கவில்லை. "பழைய பட்டாளத்துத் தொப்பி இருந்தா வாங்கிக்குவம்மா" என்று உளறியிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டாராம். "கீறது ஒண்ணுதாண்ணா, அத போட்டுகினுதான் போயிருக்காரு. வந்தப்புறம் வாங்க, கேட்டுப் பாக்கலாம்." வெயிலில் வந்தவர் என்று மோரும் கொடுத்தாராம்.

இதைச் சொல்லி அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். அதன்பின் ஒரு தொப்பியும் அவர் சேர்க்கவில்லை. பல முறை நகரிக்குக் கிளம்பி, ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினார். கல்யாணம், பிள்ளைகள், பெரிய கடை எல்லாம் வந்தன. மனம் மட்டும் அடங்கவில்லை. படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில், "குடுத்திருக்கணுமா பாப்பா?" என்று கேட்டார். "நீங்க செஞ்சது சரிதாண்ணா" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் நிச்சயமில்லை.

அண்ணனைக் கண்போல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், பிள்ளைகளுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த அடிவாரத்துக் கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். நகரிப் பக்கத்து அம்மா, இந்த மலர் உங்கள் கைக்கு வராது. உங்கள் வீட்டுக்காரர் திரும்ப மாட்டார் என்று நீங்கள் அறியும் முன்பே அறிந்திருந்தும், சொல்ல மனமில்லாமல், நீங்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தவர்தான் எங்கள் அண்ணன்.