நில்லுன்னா நிக்கணும்

“நில்லு!” என்கிறாள் தமிழ்ப்ரியா. நர்ஸ் பூமாரி உடனே இரு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிவிடுகிறார். பிடித்திருக்கும் ஈரப் பஞ்சு சொட்டுகிறது. பாதி பிரித்த கட்டு குழந்தையின் கையில் தொங்குகிறது. வெளியே வரிசையில் முணுமுணுப்பு. ஆறு வயதுக்காரி “ம்” என்றால்தான் பூமாரியின் கைகள் இறங்கும்.

தமிழ்ப்ரியா என் அக்கா சித்ராவின் மகள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கொதிக்கும் குழாயைப் பிடித்துவிட்டாள். விரல்களை மடக்கியே வைத்திருந்தால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவளோ கட்டுப் போடும் அறையைக் கண்டாலே கையை மார்போடு ஒட்டிக்கொள்வாள்.

முதல் நாள் அக்கா மிரட்டினாள்: “கையக் காட்டலைன்னா சிஸ்டர் பெரிய ஊசி போட்டுருவாங்க.”

“என்னயப் பூச்சாண்டி ஆக்காத தாயி. பெறகு புள்ள எப்பிடி எங்கிட்ட வரும்?” என்ற பூமாரி, குழந்தையிடம் குனிந்தார். “வலிக்கும் பாப்பா. பொய் சொல்ல மாட்டேன். நில்லுன்னு சொன்னா நிறுத்திருவேன். அம்மாவும் இங்கனயே இருப்பா.”

கேரள மலையூரான உடும்பஞ்சோலையின் குளிரில் புண் கழுவும் நீர் சில்லென்று பட்டுவிடக் கூடாதென்று, அந்தப் பாட்டிலைத் தன் ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டே வார்டில் நடப்பார். “சேச்சிக்கு இது எத்தனாம் மாசம்?” என்று கிண்டலடிப்பாள் உடன் வேலை பார்க்கும் ஜோமோள். “நாலு ஆள் பிடிச்சா சட்டுனு தீருமே. குட்டிகிட்ட சம்மதம் வாங்கணுமா?”

“கை அவளுதுல்ல? புள்ளைக உரிமைன்னு நமக்குக் கிளாஸ் எடுத்தாக. கேட்டோம், டீயக் குடிச்சோம், வந்து மறுபடி நாலு பேரா அமுக்குனோம். எனக்கே வெக்கமாப் போச்சு, ஜோமோளே.”

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அக்காவுக்குத் துணையாகப் போன அந்த அறையில் மட்டும் அசையாமல் இருந்தேன். ஒருநாள் தமிழ்ப்ரியா வலியே இல்லாமல், சும்மா சோதித்துப் பார்க்க, “நில்லு” என்றாள். அப்போதும் பூமாரியின் கைகள் மேலே போயின. மறுநாள் கட்டுப் பிரிக்க அவளே கையை நீட்டினாள். அதைப் பார்த்த அக்கா அழுதுவிட்டாள். நன்றி சொல்லப் போன என்னை, “அவ நீட்டுனா, நான் கட்டுனேன்” என்று பூமாரி அனுப்பிவிட்டார்.

கடைசிக் கட்டைப் பிரித்த அன்று பஞ்சைக் கீழே வைத்தார். “என்னய எத்தன தடவ நிறுத்தி வச்ச! இன்னைக்கு என் மொற. நில்லுடி!”

தமிழ்ப்ரியா இரு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினாள். இளஞ்சிவப்புத் தோல் படர்ந்த கையில் விரல்கள் எல்லாம் விரிந்திருந்தன.